யார் சட்டைப் பையில் அந்தச் சீட்டு?

உழைப்பவனிடம் இருக்கும் படைக்கலன்கள் மிகச் சில. நிலம் இல்லை, ஆலை இல்லை, வங்கியிலே பணம் இல்லை, அமைச்சர் வீட்டு வாயிற்படியில் நின்று பரிந்து பேச ஆள் இல்லை. எனினும் அவனிடம் ஒரு சொல் இருக்கிறது. "இந்தக் கூலிக்கு இங்கே வேலை பார்க்க மாட்டேன்; வேறிடம் செல்கிறேன்" என்னும் சொல்! அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை உள்ளவரையில், எத்துணைக் கல்மனம் படைத்த முதலாளியும் சற்றே எண்ணிப் பார்க்கிறான். கூலியைக் கொஞ்சம் கூட்டுகிறான். கொடுஞ்சொல்லைக் கொஞ்சம் குறைக்கிறான். அந்த உரிமையைப் பறித்துவிட்டாலோ, சங்கம் இருந்தாலும் குரல் எழும்பாது. சட்டம் இருந்தாலும் அது ஏட்டை விட்டு இறங்கி வராது.

அந்த ஒரு சொல்லை, விலங்கு பூட்டாமல், சவுக்கு எடுக்காமல், ஒரே ஒரு சீட்டைக் கொண்டு பறித்துவிட முடியும் என்பதைப் பிரிட்டன் நாடு இன்று உலகுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அங்கே வழங்கப்படும் வேலை விசாவைப் பற்றித்தான் கூறுகிறோம்.

"ஏழு கடல் தாண்டி இருக்கும் நாட்டின் குடியேற்றச் சட்டம் நமக்கு எதற்கு? இங்கே பேசித் தீர்க்க வேண்டியவை மலையெனக் குவிந்து கிடக்கின்றனவே!" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் தங்கள் தெருவைச் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். செவிலியர் படிப்பை முடித்த பெண் அங்கே இருக்கிறாள். "லண்டனில் வேலை, கை நிறையச் சம்பளம், குடும்பத்தோடு போகலாம்" என்று அவள் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து பேசிவிட்டுப் போகும் ஏஜெண்டும் இருக்கிறார். ஆகவே இது அயலார் கதை அன்று. நம் வீட்டுக் கதவைத் தட்டும் கதை.

ஏற்பாடு என்னவென்று முதலில் பார்ப்போம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், போலந்து நாட்டுத் தொழிலாளி வெள்ளிக்கிழமை ஒரு முதலாளியிடம் கணக்கு முடித்துக்கொண்டு, திங்கட்கிழமை இன்னொருவரிடம் வேலைக்குச் சேரலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அந்நாடு ஒன்றியத்தை விட்டு விலக முடிவு செய்தது. 2020 டிசம்பரில் புதிய முறை வந்தது. 'திறன்மிகு தொழிலாளர் விசா' என்பது அதன் பெயர். பெயரிலே திறன் இருக்கிறது. சட்டத்திலே சங்கிலி இருக்கிறது!

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க விரும்பும் முதலாளி முதலில் உள்துறை அமைச்சகத்திடம் உரிமம் பெற வேண்டும். 'ஸ்பான்சர்' என்று அவருக்குப் பெயர். பொறுப்பேற்பவர் என்று பொருள். அவர், தாம் தேர்ந்த ஆளுக்கு ஒரு பொறுப்புச் சான்று வழங்குவார். அந்தச் சான்று இருந்தால்தான் விசா; அதில் குறித்த முதலாளியிடம், அதில் குறித்த வேலைக்குத்தான் விசா. வாரத்துக்கு 20 மணி நேரம் வேறிடத்தில் கூடுதல் வேலை பார்க்க இடம் உண்டு. அதுவும் மூல முதலாளியிடம் வேலை நீடிக்கும் வரையில்தான். அவர் வேலையை விட்டு நீக்கினால், அல்லது அவரது உரிமத்தை அரசு பறித்தால், தொழிலாளிக்கு ஓலை வரும். வழக்கமாகக் கிடைக்கும் தவணை 60 நாள். அதற்குள் உரிமம் பெற்ற இன்னொரு முதலாளியைத் தேடிப் பிடித்து, புதிய சான்று வாங்கி, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அந்த 60 நாளில் அரசின் உதவித் தொகையும் கிடையாது.

வேலை போனால் சோறு போகும் என்பது எல்லா நாட்டுத் தொழிலாளிக்கும் உள்ள கவலை. வேலை போனால் வீடு போகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும், நாட்டில் நிற்கும் உரிமையே போகும் என்பது இந்தத் தொழிலாளிக்கு மட்டும் உள்ள கவலை. கூலி கொடுக்கும் கையிலேயே குடியிருக்கும் உரிமையையும் கொடுத்துவிட்டார்கள்!

இந்த முறையின் முழு உருவத்தைக் காண வேண்டுமானால் முதியோர் பராமரிப்புத் துறைக்குச் செல்ல வேண்டும்.

முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டி, இரவெல்லாம் விழித்திருந்து காக்கும் பணி அது. தாய்க்கு மகள் செய்யும் பணி. கூலிக்குச் செய்தாலும் கருணை வேண்டும் பணி. அந்தப் பணிக்குக் கூலியோ மிகக் குறைவு. ஆகவே உள்நாட்டு மக்கள் விலகிச் சென்றனர். 2021-22இல் இங்கிலாந்தில் மட்டும் 1,65,000 அளவுக்குப் பராமரிப்பு வேலைகள் ஆளின்றிக் கிடந்தன. கூலியை உயர்த்தி ஆள் சேர்ப்பது ஒரு வழி. அதற்கு அரசு கருவூலத்தைத் திறக்க வேண்டும். கருவூலத்தைத் திறக்க மனமில்லாதவர்கள் கடற்கரைக் கதவைத் திறந்தார்கள். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்கும் விசா உண்டு என்னும் விதி நடைமுறைக்கு வந்தது.

திறந்த கதவு வழியே வந்தவர்கள் எத்தனை பேர்! 2023ஆம் ஆண்டில் மட்டும் சுகாதாரம், பராமரிப்புப் பணிக்கான விசா பெற்றவர்கள், குடும்பத்தாரைச் சேர்க்காமலே, 1,46,000 பேருக்கு மேல். இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே ஆகிய நாட்டினரே அவர்களில் மிகப் பலர். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கொடி பறந்த நாடுகள் இவை என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

சான்று வழங்கும் அதிகாரம் யார் யார் கைக்குப் போயிற்று தெரியுமா? குடியேற்றத் துறையின் தலைமைத் தணிக்கையாளராக இருந்த டேவிட் நீல் எழுதிய அறிக்கை 2024 மார்ச்சில் வெளிவந்தது. எதிர்க்கட்சிக்காரரின் மேடைப் பேச்சு அன்று அது. அரசு நியமித்த அதிகாரியின் அறிக்கை. இல்லாத ஒரு முதியோர் இல்லத்தின் பெயரால் 275 சான்றுகள் வழங்கப்பட்டிருந்தன என்கிறது அந்த அறிக்கை. கட்டடம் இல்லை, கட்டில் இல்லை, முதியவர் எவரும் இல்லை. ஆனால் பணியாளர் 275 பேர்! உரிமம் பெற்றபோது தன்னிடம் நான்கே ஊழியர்கள் இருப்பதாகக் கூறிய ஒரு கம்பெனிக்கு 1,234 சான்றுகள்! உரிமம் பெற்ற முதலாளிகள் 1,600 பேருக்கு ஒரு கண்காணிப்பு அதிகாரி. ஆயிரத்து அறுநூறு ஆட்டுக்கு ஒரு மேய்ப்பன். அவற்றில் எது ஆடு, எது ஓநாய் என்று அவர் எங்ஙனம் கண்டுபிடிப்பார்?

சான்று என்பது சந்தைப் பொருள் ஆயிற்று. நகையை அடகு வைத்தும், வயலை விற்றும், வட்டிக்கு வாங்கியும் இலட்சக்கணக்கில் ஏஜெண்டுகளுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டார்கள், வேலை இல்லை என்பதை. வேலை கிடைத்தவர்களில் பலருக்கும் சொன்ன மணி நேரம் இல்லை, சொன்ன சம்பளம் இல்லை, நெருக்கியடித்துக்கொண்டு படுக்க ஓர் அறை மட்டும் உண்டு. எதிர்த்துக் கேட்டால் முதலாளி கூச்சலிட வேண்டியதில்லை, கோலெடுக்க வேண்டியதில்லை. "உன் விசா என் கையில் இருக்கிறது, நினைவிருக்கட்டும்" என்று மெல்லச் சொன்னால் போதும்!

"ஏன், புகார் கொடுக்கலாமே! சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாடாயிற்றே!" என்பார்கள். புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்ப்போம். அரசு விசாரிக்கும். குற்றம் மெய்யென்று கண்டால் முதலாளியின் உரிமத்தை ரத்து செய்யும். நல்லது, நியாயந்தானே? உரிமம் ரத்தானதும், அந்த முதலாளியின் கீழ் வந்த தொழிலாளர் அனைவரின் விசாவும் ஆட்டங்காணும்; 60 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கும். திருடனைப் பிடித்துக் கொடுத்தவள், திருடு போன பொருளையும் இழந்து, ஊரை விட்டும் போக வேண்டும்! 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470க்கு மேற்பட்ட உரிமங்களை ரத்து செய்ததாக அந்நாட்டு அரசே அறிவித்தது. அந்த முதலாளிகளோடு தொடர்புடைய தொழிலாளர் 39,000 பேருக்கு மேல் என்றும் அதே அரசே கூறியது. தவறு செய்தவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர்; தவித்து நின்றவர்கள் பல்லாயிரவர்.

கூலிச் சட்டத்தையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 2025 ஏப்ரலில் அந்நாட்டின் பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. விசாவில் வந்த பராமரிப்புப் பணியாளருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சமோ 12.82 பவுண்டு. ஏட்டின்படி அயல்நாட்டாருக்கு அதிகம்! ஆனால் ஏட்டில் இருப்பதைக் கேட்டுப் பெற நாக்கு வேண்டுமல்லவா? அந்த நாக்கைக் கட்டிவிட்டு, "இதோ உன் இலையில் விருந்து" என்று காட்டுவதால் யாருக்குப் பசி ஆறும்?

இந்த முறைக்குப் பரிந்து பேசுபவர்களின் வாதங்களையும் ஒதுக்கித் தள்ளாமல் எடுத்துப் பார்ப்பது நமது கடமை.

"எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரிய வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும். ஒரு நாடு தன் எல்லையைக் காப்பதைக் குறை கூறுவார் இல்லை. ஆனால் கணக்கெடுக்கும் பணி அரசினுடையது. அதை முதலாளியிடம் ஒப்படைத்தால், அவர் கணக்கை மட்டுமா எழுதுவார்? கட்டளையும் இடுவார்!

"பெருஞ்செலவு செய்து அழைத்து வருகிறோம், வந்த மறுநாளே வேறிடம் ஓடிவிட்டால் எங்கள் கதி என்ன?" என்கிறார்கள் முதலாளிகள். நியாயமாக நடத்தும் இல்லங்களும் உண்டு. அவர்களின் கவலை பொய்யன்று. ஆயினும், உள்நாட்டுத் தொழிலாளியையும் செலவு செய்துதான் பழக்குகிறார்கள். அவன் விலகாதிருக்க என்ன செய்கிறார்கள்? நல்ல கூலி, நல்ல நடத்தை, ஓய்வு, மரியாதை. அதையே இவளுக்கும் செய்யட்டும்!

"அயல்நாட்டான் வந்து எங்கள் கூலியைக் குறைக்கிறான்" என்று குமுறுகிறான் உள்நாட்டுத் தொழிலாளி. இந்தக் குமுறலைத்தான் நாம் கருத்தோடு கேட்க வேண்டும். ஏனெனில் அவனும் உழைப்பாளி. அவன் அடுப்பிலும் நெருப்பு எரிய வேண்டும். அவனுக்கு நாம் கூறுவது இது: உன் கூலியைக் குறைப்பது அவளுடைய நிறமுமன்று, அவளுடைய பசியுமன்று, அவள் காலிலே கட்டிய கயிறு. இருவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாதவராக இருந்தால், மற்றவர் சொல்லும் 'மாட்டேன்' என்பதற்கும் மதிப்பில்லை. அவள் கயிறு அறுந்தால், உன் குரலும் உயரும். இதை அவனுக்குச் சொல்லாமல் மறைத்து, அவனையும் அவளையும் மோதவிட்டு வாக்குப் பொறுக்குகிறார்கள் சிலர்.

தோழர்களே! இந்தச் சீட்டை வேறொரு பெயரில் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருச்சியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் பஞ்சத்துக்கு அஞ்சி இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு நடந்தார்களே, அவர்கள் அறிந்திருந்தார்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். கடன் ஏறிக்கொண்டே போகும். தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால் துரையிடமிருந்து ஒரு சீட்டு வேண்டும். இன்ன தொகை கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு அது. அதன் பெயர் 'துண்டு'. ஆங்கிலத் துரைமாரின் ஆவணங்களிலும் அந்தத் தமிழ்ச் சொல் அப்படியே ஏறிற்று. துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. கடனை வாங்கும் தோட்டமே ஆட்களையும் வாங்கும். 1921ஆம் ஆண்டிலே சட்டம் கொண்டு அந்த முறையை ஒழித்தார்கள்.

அன்றைய துண்டும் இன்றைய சான்றும் ஒன்றே என்று கூற மாட்டோம். இன்று சிறைத் தண்டனை மிரட்டல் இல்லை, நீதிமன்றம் உண்டு, தொழிற்சங்கம் உண்டு, விரும்பினால் விமானமேறித் திரும்பிவிடலாம், கடனோடு! ஆனால் இரண்டிற்கும் உயிர்நாடி ஒன்றே. உழைப்பாளி ஒரு முதலாளியை விட்டு நீங்க, முதலாளி ஒருவரின் சீட்டு வேண்டும் என்பதே அது. நூறாண்டுக்கு முன் தேயிலைத் தோட்டத்தில் தவறென்று கண்டதை, இன்று முதியோர் இல்லத்தில் சரியென்று கொள்ள முடியுமா?

வேறு வழியே இல்லையோ என்றால், பிரிட்டனிலேயே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் 'உலகத் திறமையாளர் விசா' என்று ஒன்றை அவர்கள் தொடங்கினார்கள். பெயர்பெற்ற விஞ்ஞானிக்கும் கலைஞருக்கும் உரியது அது. அதற்கு முதலாளியின் சான்று வேண்டாம், எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், வேலையை மாற்றலாம். விசா அவர் பையிலேயே இருக்கும்! அந்த விஞ்ஞானியின் தாயைக் குளிப்பாட்டும் பெண்ணின் விசா மட்டும் முதலாளியின் பையில் இருக்கும்! மேல்மாடிக்கு ஒரு நீதி, கீழ்த்தளத்துக்கு ஒரு நீதி.

பிற நாடுகளும் கயிற்றைத் தளர்த்தியிருக்கின்றன. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில், வேலை இழந்தவருக்கு வேறு முதலாளியைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுவதற்கும் 365 நாள் என்று தவணையை நீட்டியது. அயர்லாந்து 2024 செப்டம்பரில், ஒன்பது திங்கள் வேலை பார்த்தவர் முதலாளியை மாற்றிக்கொள்ள வழி செய்தது. பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதியைக் கத்தார் 2020இல் நீக்கியது. இவற்றால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று கூறவில்லை. சட்டப் புத்தகம் வேறு, வேலைத்தளம் வேறு என்பதை அறிவோம். எனினும் கயிறு இயற்கையின் விதி அன்று, மனிதர் முடிந்த முடிச்சு என்பது புலப்படுகிறதல்லவா? பிரிட்டனின் யூனிசன் தொழிற்சங்கம் கேட்பதும் இதைத்தான்: விசா ஒரு முதலாளியோடு கட்டப்படாமல், பராமரிப்புத் துறை முழுவதற்கும் செல்லுபடியாகட்டும் என்கிறது அது.

அரசு என்ன செய்தது? முடிச்சை அவிழ்க்கவில்லை, கதவைச் சாத்தியது. 2024 மார்ச்சில், பராமரிப்புப் பணியாளர் இனிக் குடும்பத்தாரை அழைத்து வரலாகாது என்றது. 2025 ஜூலையில், அந்தப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்தியது. 2025 நவம்பரில் வெளியிட்ட திட்டத்திலோ, நிரந்தரமாகத் தங்கும் உரிமை கோர ஐந்தாண்டு போதாது, பொதுவாகப் பத்தாண்டு, பராமரிப்புப் பணியாளர் போன்றோருக்குப் பதினைந்தாண்டு என்று முன்மொழிந்தது. நிரந்தர உரிமை கிடைக்கும் நாள்தான் கயிறு அறும் நாள். அந்த நாளை ஐந்திலிருந்து பதினைந்துக்குத் தள்ளுவது, கயிற்றை மும்மடங்கு நீளமாக்குவதன்றி வேறென்ன?

நம் நாட்டு அரசோ 2025 ஜூலை 24ஆம் நாள் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தற்காலிகமாக அங்கே அனுப்பப்படும் ஊழியருக்கும் அவர்களின் கம்பெனிகளுக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகையில் விலக்கு பேசி முடித்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் இந்த ஒப்பந்தத்தால் குடியேற்ற முறையில் மாற்றமில்லை என்று பிரிட்டன் அரசு அறிவித்துவிட்டது. துணிக்கும் மதுவுக்கும் காருக்கும் வரி பேசியவர்கள், நம் செவிலிப் பெண்ணின் பையில் இருக்க வேண்டிய சீட்டுக்காக வாதாடி வென்று வரவில்லையே! அடுத்த பேச்சுவார்த்தையில் அதைக் கேட்க வைப்பது நமது கடமை.

அதுவரை, ஊர்தோறும் கிளைதோறும் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வெளிநாடு செல்லப் புறப்படும் நம் பிள்ளைகளிடம் பேசுங்கள். ஏஜெண்ட், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேட்கச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற முதலாளிகளின் பட்டியலைப் பிரிட்டன் அரசு இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. அதில் பெயரைத் தேடச் சொல்லுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, இல்லாத இல்லத்துக்கும் உரிமம் கிடைத்த கதையையும் கூறுங்கள். பொறுப்புச் சான்றுக்கான கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் ஏற்றலாகாது என்று 2024 டிசம்பர் 31 முதல் அந்நாட்டு விதியே சொல்கிறது. சான்றுக்கு விலை கேட்பவன் வேலை தருபவன் அல்லன், வலை விரிப்பவன் என்று எச்சரியுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் தொழிற்சங்கத்தில் சேரச் சொல்லுங்கள்.

போகாதே என்று தடுப்பது நம் நோக்கமன்று. திரைகடலோடித் திரவியம் தேடியவர்களின் வழிவந்தவர்கள் நாம். போகட்டும், பொருள் ஈட்டட்டும், பிறர் தாயைத் தன் தாயெனப் பேணும் அந்தக் கைகளுக்கு உலகம் மரியாதை செய்யட்டும். ஆனால் போகிறவள் தன் உழைப்பை விற்கத்தான் போகிறாள். தன்னை விற்க அன்று. 'மாட்டேன்' என்னும் சொல்லைக் கப்பலேற்றாமல் தன்னோடு அவள் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆகவே, அயல்நாட்டு வேலையைப் பற்றி யார் வந்து உங்களிடம் பேசினாலும், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன்னர் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "ஐயா, அந்தச் சீட்டு யார் சட்டைப் பையில் இருக்கும்?"